அம்பாசிடரில் ஹேண்ட் கியர் இறுகிப்போனால்: கியர்பாக்ஸை இறக்கும் முன் செய்ய வேண்டியவை

ஸ்டீயரிங்குக்குக் கீழே கியர் லீவர் இருக்கும் பழைய அம்பாசிடர் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் லீவர் இறுகிப் பிடிக்கிறது, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது நடுவில் மாட்டிக்கொள்கிறது, சில நேரம் ரிவர்ஸ் விழவே மாட்டேன் என்கிறது. பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கணும் சார்." இன்னொன்று, "இதெல்லாம் இப்ப யாருக்கும் தெரியாது, ஃப்ளோர் கியரா மாத்திடலாம்." எனக்கும் இரண்டையும் சொன்னார்கள். பட்டறை பட்டறையாக அலைந்த பிறகு தெரிந்தது, என் வண்டிக்கு இரண்டுமே தேவையில்லை. கோளாறு முழுவதும் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருந்தது. தேய்ந்த புஷ் (ஷாஃப்ட் உள்ளே ஓடும் சின்ன வளையம்), காய்ந்து கெட்டியான கிரீஸ், தொங்கிப்போன என்ஜின் மவுண்டிங் (என்ஜின் உட்காரும் ரப்பர் தாங்கி), அவ்வளவுதான்.

அதனால் இதை எழுதுகிறேன். யாராவது உங்கள் வண்டியின் தரையில் ஓட்டை போட்டு ஃப்ளோர் லீவர் வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒருமுறை வெட்டிய தரையையும், கழற்றி எடைக்குப் போட்ட, லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ராடுகளையும் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கஷ்டம். ஹேண்ட் கியர் அப்படியே இருக்கும் வண்டிக்குத்தான் இன்று மதிப்பு. பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ராடுகளின் அமைப்பும் ஸ்பேனர் அளவும்தான் மாறும்.

1. கோளாறு எங்கே என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

ஒரு ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மொத்த வேலையில் முக்கியமான கட்டம் இதுதான், காசும் செலவாகாது.

லீவர் இரண்டு வேலை செய்கிறது. அதை உங்கள் பக்கம் இழுப்பதும் எதிர்ப்பக்கம் தள்ளுவதும் எந்த ஜோடி கியர் என்று தேர்ந்தெடுப்பதற்கு. இதைத்தான் கேட் மாற்றுவது என்பார்கள். மேலே கீழே அசைப்பது அந்த ஜோடியில் ஒன்றைப் போடுவதற்கு. ஸ்டீயரிங் குழாயை ஒட்டி ஓடும் கியர் ஷாஃப்ட் முதல் அசைவுக்கு நீளவாக்கில் நகர்கிறது, இரண்டாவது அசைவுக்குச் சுழல்கிறது. கீழே போய் இந்த இரண்டும் தனித்தனி இணைப்புகள் வழியாகக் கியர்பாக்ஸின் பக்கவாட்டுக்குச் சேர்கின்றன. கேட் மாற்றும் அசைவு முழுசாக முடிவதற்கு முன்னால் கியர் போடும் அசைவு தொடங்கிவிட்டால் கியர்பாக்ஸுக்குள் கியரைத் தள்ளும் விரல் போன்ற பாகம் இரண்டு ஜோடிக்கும் நடுவில் போய் நின்றுவிடும். நாம் "கியர் மாட்டிக்கிச்சு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அந்த அசைவு ஏன் முழுசாக முடியவில்லை என்பதுதான் கேள்வி.

முதல் சோதனை: என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைந்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் இறுகினால் சந்தேகம் கிளட்ச் மேல். கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் ஆயில் அளவையும் சிலிண்டர் கசிவையும் பாருங்கள், ராடு வகை என்றால் பெடல் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் லீவர் பக்கம் வரவே வேண்டாம். ஒரு கியரில் விழாமல் பல்லோடு பல் முட்டி நின்றால் வண்டியை ஒரு சாண் தள்ளிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள், அது கோளாறு ஆகாது.

இரண்டாவது சோதனை: என்ஜின் அணைந்திருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால், பானெட்டைத் திறந்து, கீழே கியர்பாக்ஸ் பக்கம் சேரும் இணைப்புகளின் பின்னைக் கழற்றிவிடுங்கள். இப்போது லீவர் கியர்பாக்ஸோடு தொடர்பில்லாமல் தனியாக நிற்கிறது. அசைத்துப் பாருங்கள். அப்போதும் இறுகினால் கோளாறு ஸ்டீயரிங் குழாய் பக்கம். லீவர் லேசாக ஆடுகிறது, ஆனால் கியர்பாக்ஸில் இருக்கும் நெம்புகோலைக் கையால் அசைத்தால் அது நகர மறுக்கிறது என்றால்தான் கியர்பாக்ஸைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் உடனே இறக்கச் சொல்லாதீர்கள். உள்ளே ஆயில் இருக்கிறதா, கையேட்டில் சொன்ன கிரேடுதானா என்று பாருங்கள். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தால் காலையில் எடுக்கும்போது எல்லாமே இறுகித்தான் இருக்கும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. இரண்டு பக்கமும் தனித்தனியாக லேசாக இருக்கும், சேர்த்தால் மட்டும் மாட்டும். அப்படியானால் தேய்மானம், அல்லது ராடு நீளமும் நேர்கோடும் தவறு. என் வண்டியில் இருந்தது இதுதான், நான் பார்த்த மற்ற வண்டிகளிலும் அதிகம் இதுதான்.

ஓடும் வண்டியில் முதல் கியர் போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது என்று பயப்படாதீர்கள். இந்தக் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்கள் சேரும் முன் இரண்டின் வேகத்தையும் சமன்செய்யும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் முதல் கியர். இந்தச் சத்தத்தை வைத்து "பாக்ஸ் போச்சு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2. கருவிகளும் வாங்க வேண்டியவையும்

அம்பாசிடரின் மூலம் ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, அதனால் போல்ட்டுகள் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள் வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. 7/16 அங்குலம் என்பது 11.11 மி.மீ. அதில் 11 ஸ்பேனர் ஏறாது, 12 ஸ்பேனர் வழுக்கி முனையை உருட்டிவிடும். பாதி வண்டிகளில் இந்த போல்ட்டுகள் ஏற்கெனவே உருண்டுதான் இருக்கின்றன. பத்மினிக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும்.

இதுதவிர மூக்குப் பிளேயர், சின்ன சுத்தி, பித்தளைக் கம்பி ஒரு துண்டு (பின்னைத் தட்டி எடுக்க), கம்பி பிரஷ், டார்ச், வெர்னியர் காலிப்பர் இவ்வளவு போதும். லித்தியம் கிரீஸ் அரை கிலோ, பல அளவுகளில் ஸ்பிலிட் பின் (பின் கழன்று வராமல் குறுக்கே போட்டு மடக்கும் இரட்டைக் கம்பி), வாஷர், கழுவுவதற்கு டீசல் இரண்டு லிட்டர். முன்பெல்லாம் மண்ணெண்ணெய்தான், இப்போது கிடைப்பது அரிது, டீசலே வேலை செய்யும். கழுவும் இடத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது.

ஸ்ப்ரே டப்பா ஒன்றை வாங்கி லீவர் இடுக்கில் அடித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று போகிறவர்கள் உண்டு. அது துருவை இளக்கத்தான், உயவுக்கு இல்லை. மிச்சமிருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். சில நாள் லேசாக இருக்கும், பிறகு முன்னைவிட மோசமாக இறுகும்.

3. கழற்றுவதற்கு முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போட்டு நான்கு டயருக்கும் கல் வையுங்கள். இணைப்பைக் கழற்றிய பிறகு கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, அதனால் கல் கட்டாயம். அடியில் படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ஸ்டீயரிங் குழாயை ஒட்டி ஹாரன் வயரும் இண்டிகேட்டர் வயரும் போகின்றன, வயது காரணமாக மேலுறை நொறுங்கியிருக்கும். எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலேய வடிவமைப்பு வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்வது, உண்டு. திரும்ப மாட்டும்போது பழக்க தோஷத்தில் நெகட்டிவை எர்த்தில் கொடுத்துவிட்டால் கோளாறு வேறு இடத்தில் தொடங்கும்.

பிறகு படம் எடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு கோணத்தில், லீவர் நியூட்ரலில் இருக்கும்போதும் ஒரு கியரில் இருக்கும்போதும். ஒவ்வொரு ராடிலும் நீளம் மாறாமல் பூட்டி வைக்கும் லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி எழுதுங்கள். நெம்புகோல் ஷாஃப்ட்டில் உட்காரும் இடத்தில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி தட்டிவிடுங்கள். இந்தப் புள்ளி இல்லாமல் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டி, எந்தக் கியருமே விழாமல் திண்டாடும் வண்டிகளைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வண்டிக்கு முன்னால் நாலைந்து ஓனர்கள் இருந்திருப்பார்கள். யாரோ ஒருவர் வேறு வண்டி ராடை வெட்டி ஒட்டியிருக்கலாம், நட்டுக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியிருக்கலாம். அதனால் படத்தில் இருப்பதெல்லாம் சரியான அமைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிந்தால் மாற்றமே செய்யாத இன்னொரு வண்டியைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

4. கழற்றி, கழுவி, அளந்து பாருங்கள்

ஸ்டீயரிங் வீலைக் கழற்ற வேண்டியதில்லை. அதைத் தொடாமலே இந்த வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். மேலே லீவர் திரும்பும் மூட்டில் இருக்கும் பின், கீழே நெம்புகோல்களில் இருக்கும் பின்கள், குழாயோடு ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகள், இந்த வரிசையில் போங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் அதே வரிசையில் ஒரு துணியில் பரப்பி வையுங்கள்.

டீசலில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். பல வருஷத்துக் கிரீஸ் தூசியோடு சேர்ந்து தார் மாதிரி இறுகியிருக்கும். சில வண்டிகளில் இந்தக் கழுவலோடேயே பாதி கோளாறு போய்விடும், மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மட்டும் இறுகுகிற வண்டிகளில் குறிப்பாக.

கழுவிய பிறகு பாருங்கள்:

ஷாஃப்ட் நேராக இருக்கிறதா. கண்ணாடி மேல் அல்லது சமமான கிரானைட் மேல் உருட்டிப் பாருங்கள், வளைவு இருந்தால் தெரிந்துவிடும். யாராவது மாட்டிக்கொண்ட லீவரைப் பலத்தோடு இழுத்திருந்தால் வளைந்திருக்கும்.

ஷாஃப்ட் புஷ்ஷில் உட்காரும் இடம் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறதா. வெர்னியரில் அந்த இடத்தையும் தேயாத இடத்தையும் அளந்தால் வித்தியாசம் கிடைக்கும்.

பின் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா, முட்டை வடிவமாகிவிட்டனவா. இதுதான் அதிகம் கவனிக்கப்படாத இடம். ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் என்றால், லீவரிலிருந்து கியர்பாக்ஸ் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் கூடி, உங்கள் கை முழுசாக நகர்ந்தும் அங்கே முக்கால்தான் நகரும்.

நியூட்ரலில் லீவரை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருக்கும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, வலு இழந்திருக்கிறதா. லீவரைக் கேட் மாற்றும் திசையில் இழுத்து விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். நடுவில் சோர்ந்து நின்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். இழுத்து நீட்டி மாட்டினால் அது நிலைக்காது.

5. புஷ்: எங்கே வாங்குவது, எப்படிக் கடையச் சொல்வது

சென்னையில் புதிய உதிரிபாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. கொல்கத்தாவில் தெரிந்தவர் இருந்தால் மல்லிக் பஜாரில் கேட்கச் சொல்லுங்கள். அம்பாசிடர் அந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள உத்தர்பாராவில் செய்யப்பட்ட வண்டி, டாக்சியாக அங்கேதான் அதிகம் ஓடியது, சாமான் புழங்குகிறது. எங்கே போனாலும் பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் பெயரைச் சேர்த்து "மார்க் ஃபோர் கியர் புஷ்" என்று வாயால் சொல்லி வாங்கினால் வேறு ஏதோ வரும். பழைய பாகம் வாங்கினாலும் பில் கேளுங்கள், கையால் எழுதிய பில்லாக இருந்தாலும் பரவாயில்லை. திருட்டு வண்டியின் சாமான் இல்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அது.

கடையில் கிடைக்கும் புதிய புஷ்களில் ரப்பரும் நைலானும் கலந்து வரும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மிருதுவாக இருந்தால் வாங்காதீர்கள், சீக்கிரமே பழைய ஆட்டம் வந்துவிடும்.

என் தேர்வு லேத் பட்டறைதான். ஷாஃப்ட் ஓடும் புஷ்களைக் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) கடையச் சொல்லலாம். கோவை போன்ற ஊர்களில் சின்னச் சின்ன லேத்துக்காரர்கள் இந்த வேலையை அருமையாகச் செய்கிறார்கள். ஒரு புஷ்ஷுக்கு அளவைப் பொறுத்து 200 முதல் 400 ரூபாய் வரை கொடுத்தேன். முக்கியமான விஷயம், ஷாஃப்ட்டையும் கொடுத்துவிட்டு வாருங்கள். பழைய புஷ்ஷை மட்டும் கொடுத்தால் அவர் தேய்ந்த உள்வட்டத்தை அளந்து தேய்ந்த அளவிலேயே புதுசு கடைந்து கொடுப்பார். ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி 0.05 முதல் 0.1 மி.மீ. போதும் என்று சொல்லுங்கள். "சுழலவும் வேண்டும், நீளவாக்கில் நகரவும் வேண்டும்" என்பதையும் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் டைட்டாகக் கடைந்துவிடுவார், வீட்டுக்கு வந்து மாட்டினால் பழைய இறுக்கமே பரவாயில்லை என்று ஆகிவிடும். கிரீஸ் நிற்க உள்ளே ஒரு சின்ன காடி வெட்டச் சொல்லுங்கள்.

முட்டை வடிவ ஓட்டைகளுக்கு இரண்டு வழி. ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே புஷ் அடித்து அசல் அளவுக்குக் கொண்டுவருவது நல்லது. வெல்டிங் வைத்து அடைத்துவிட்டுத் திரும்பத் துளையிடுவது இரண்டாவது வழி. வெல்டிங் செய்வதாக இருந்தால் கழற்றிய நெம்புகோலில் மட்டும்தான். ஸ்டீயரிங் குழாயிலோ ஸ்டீயரிங் ஷாஃப்ட்டிலோ யாரையும் வெல்டிங் ராடு வைக்க விடாதீர்கள். கியர் விழாவிட்டால் வண்டி நிற்கும், ஸ்டீயரிங் விட்டுப்போனால் உயிர் போகும். இதில் "சும்மா ஒரு டாக் வெச்சா போதும்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

நேரம்? லேத்துக்காரர் "நாளைக்கு வாங்க" என்பார். ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கல்யாணம், கோவில் பயணம் எதற்காவது வண்டி வேண்டும் என்றால் அதற்கு முந்தின வாரத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

6. என்ஜின் மவுண்டிங்கையும் ஸ்டீயரிங் குழாய் பிராக்கெட்டையும் விட்டுவிடாதீர்கள்

புஷ் எல்லாம் புதிதாகப் போட்டும் மாட்டுகிற வண்டிகள் உண்டு. காரணம் இங்கே இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். லீவரும் கியர் ஷாஃப்ட்டும் பாடியில் இருக்கின்றன. கியர்பாக்ஸ் என்ஜினோடு சேர்ந்து ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆயில் பட்டு ஊறி ரப்பர் அமுங்கிவிட்டால் என்ஜினும் கியர்பாக்ஸும் கீழே தொங்கும், பக்கவாட்டில் சாயும். லீவர் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் நகர்ந்துவிட்டது. ராடின் நீளத்தை எவ்வளவு மாற்றினாலும் ஒரு கியருக்குச் சரிப்பட்டால் இன்னொன்றுக்குச் சரிப்படாது. ஃப்ளோர் கியரில் லீவர் கியர்பாக்ஸ் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் இந்தக் காலத்து மெக்கானிக் பலருக்கு மவுண்டிங்கைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

சோதிப்பது சுலபம். ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டுப் பிடிக்கட்டும். நீங்கள் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பாருங்கள். லேசாகச் சாய்வது இயல்பு. எழும்பிக் குதித்தால் மவுண்டிங் போய்விட்டது. எல்லா மவுண்டிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். புதுசும் பழசுமாகப் போட்டால் என்ஜின் கோணலாக உட்காரும்.

அடுத்தது டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்டீயரிங் குழாயைப் பிடித்திருக்கும் பிராக்கெட். ஸ்டீயரிங் வீலை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். குழாயே ஆடினால் அந்த போல்ட்டுகளை இறுக்குங்கள், உள்ளே இருக்கும் ரப்பர் அல்லது ஃபெல்ட் பட்டை போயிருந்தால் புதிது வையுங்கள். ரப்பர் பாகங்களுக்குச் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப் பிய்ந்துவிடும். சிலிகான் கிரீஸ் தடவலாம்.

மவுண்டிங்கையும் பிராக்கெட்டையும் முடித்த பிறகுதான் அடுத்த கட்டம். வரிசையை மாற்றினால் அட்ஜஸ்ட்மென்ட்டை இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

7. மாட்டுவதும் அட்ஜஸ்ட் செய்வதும்

புஷ்களில் கிரீஸ் தடவி, ஷாஃப்ட்டை மட்டும் முதலில் மாட்டுங்கள். ராடு எதையும் சேர்க்காமல் லீவரை எல்லாத் திசையிலும் அசையுங்கள். ஒரு விரலால் நகர வேண்டும். இங்கேயே கனமாக இருந்தால் பிராக்கெட்டுகள் நேர்கோட்டில் இல்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி, ஷாஃப்ட் லேசாகச் சுழலும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வைத்து இறுக்குங்கள். அவசரப்படாதீர்கள், இந்த ஒரு இடத்தில் பொறுமையாக இருந்தால் மீதி வேலை தானாக நடக்கும்.

அப்புறம் கியர்பாக்ஸ் நெம்புகோலைக் கையால் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். நியூட்ரல்தானா என்பதை வண்டியைத் தள்ளிப் பார்த்து உறுதிசெய்துவிட்டுத் திரும்பக் கல் வையுங்கள். லீவரையும் நியூட்ரலில் வையுங்கள். இப்போது ராடின் முனையை நெம்புகோலின் ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்தால் பின் தானாக உள்ளே போக வேண்டும். சுத்தியால் தட்டி உள்ளே ஏற்ற வேண்டியிருந்தால் நீளம் தவறு. லாக் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று, அரைச் சுற்றாகக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். கேட் மாற்றும் இணைப்பை முதலில் சரிசெய்யுங்கள், கியர் போடும் இணைப்பு அதற்குப் பிறகு. இரண்டையும் ஒரே சமயத்தில் திருகினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

எல்லாப் பின்னிலும் வாஷர் வைத்து, புதிய ஸ்பிலிட் பின் போட்டு, இரண்டு கால்களையும் மடக்குங்கள். பழைய ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள், கட்டுக்கம்பியும் வேண்டாம். சில ரூபாய் சமாச்சாரம்தான், ஆனால் அது கழன்றால் நடு ரோட்டில் லீவர் கையோடு வரும்.

லாக் நட்டை இறுக்கிய பிறகு ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எந்த ராடும் எதிலும் உரசக் கூடாது, வயர் எதுவும் நசுங்கக் கூடாது.

8. ஓட்டிப் பார்ப்பது

என்ஜின் அணைந்த நிலையில் எல்லா கியரும், ரிவர்ஸ் உட்பட, சில தடவை. பிறகு என்ஜினை ஓடவிட்டு நின்ற இடத்தில். அதன்பிறகு காலி மைதானத்தில். நேராக மெயின் ரோட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதையும், மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவதையும் மெதுவாகவும் கொஞ்சம் வேகமாகவும் செய்து பாருங்கள். கேட் மாறும் இடம் அதுதான், மாட்டுவதாக இருந்தால் அங்கேதான் மாட்டும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

இந்த வேலையைச் செய்வதற்கு முன்போ, அட்ஜஸ்ட்மென்ட் நடுவிலோ வழியில் மாட்டிக்கொண்டால், லீவரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, பானெட்டைத் திறந்து, கீழே இருக்கும் நெம்புகோல்களைக் கையால் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். நகரவில்லை என்றால் கூட இருப்பவரை விட்டு வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைக்கச் சொல்லுங்கள், பல்லின் மேல் இருக்கும் பாரம் விடுபட்டதும் நகர்ந்துவிடும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே கை வைக்கவே கூடாது. ஏதாவது ஒரு கியர் விழுந்துவிட்டால் வண்டி அப்படியே பாய்ந்து கையை நசுக்கக்கூடும்.

9. செலவு மொத்தமாக

புஷ்கள், பின்கள், ஸ்பிரிங், கிரீஸ், கழுவும் டீசல் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் முடியும். மவுண்டிங் மாற்றினால் இன்னும் ஓர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. மெக்கானிக்கை வைத்துச் செய்தால் கூலி 1,500 முதல் 3,000. கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க எனக்குச் சொல்லப்பட்ட தொகை இந்த மொத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கூலி பேசும்போது "நாள் கூலி" என்று பேசாமல், "எல்லா கியரும் சூட்டிலும் விழணும், அதுவரைக்கும் இவ்வளவு" என்று வேலைக்குப் பேசுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் வையுங்கள், அடுத்த முறை அளவுக்கு உதவும்.

10. ஆர்.சி. புதுப்பிக்கும் தேதிக்கு முன் முடித்துவிடுங்கள்

பலரும் இந்த வேலையை ஆர்.டி.ஓ. ஆய்வு நெருங்கும்போதுதான் தொடங்குகிறார்கள். அது தவறான நேரம். சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 ஆண்டு முடிந்த பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. தேதி முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிந்து, கட்டணம் கட்டி, வண்டியை நேரில் காட்ட வேண்டும். ஆய்வாளர் வண்டியை எடுத்துப் பார்க்கச் சொல்லும்போது ரிவர்ஸ் விழவில்லை என்றால் திரும்பி வர வேண்டியதுதான். எனவே 60 நாள் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே லீவர் வேலையை முடித்துவிடுங்கள்.

கட்டணம் இப்போது சின்னதில்லை. 2022 ஏப்ரலிலிருந்து 15 ஆண்டு கடந்த கார்களுக்கு 5,000 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் ஆக்கினார்கள். நாம் பேசும் வண்டிகள் அநேகமாக எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் வரும். தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதலாகச் சேரும், அதனால் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி கட்டிய ரசீது, முகவரி அடையாளச் சான்றுகள், சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சு. சேசிஸ் எண் இருக்கும் தகட்டில் கிரீஸும் பெயின்ட்டும் அப்பியிருக்கும். கழுவும் வேலையோடு சேர்த்து அதையும் டீசல் துணியால் துடைத்து, எண் தெளிவாகத் தெரிகிறதா, ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எண் அழிந்தால் பெரிய தலைவலி. என்ஜின் எண்ணையும் அப்படியே ஒப்பிடுங்கள். பழைய அம்பாசிடர்களில் என்ஜின் மாற்றி, ஆர்.சி.யில் ஏற்றாமலே ஓட்டியவர்கள் நிறைய.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆகிவிட்ட வண்டியாக இருந்து, சேசிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால், 2021ல் வந்த விதிப்படி வின்டேஜ் வண்டியாகவும் பதியலாம். 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், அதன்பிறகு ஐந்தைந்து ஆண்டுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிபவற்றுக்குத்தான் 'வி ஏ' எழுத்துகள் வரும். ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டும் என்றால் சாதாரணப் புதுப்பிப்பிலேயே இருங்கள்.

வேலை முடித்து முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் லாக் நட்டுகளையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், புதிய புஷ் உட்கார்ந்ததும் கொஞ்சம் தளரும். அதன்பிறகு மழைக்காலம் தொடங்குவதற்கு முன் வருஷத்துக்கு ஒருமுறை பின்களுக்கும் ஷாஃப்ட்டுக்கும் புதுக் கிரீஸ்.